அடிமாட்டு விலைக்கு வந்த ஸ்னோமேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறைச்சிக்கூடத்துக்குப் புறப்படவிருந்த லாரியிலிருந்து 1956-இல் 80 டாலருக்கு இறக்கப்பட்ட ஒரு உழவுக் குதிரை, மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் அமெரிக்காவின் தடை தாண்டும் போட்டிகளில் முதலிடத்துக்கு வந்தது. ஸ்னோமேன் என்ற அந்தக் குதிரையின் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள், லாரிக்குள் நின்ற சாம்பியனைக் கண்டுபிடித்த ஒரு மனிதரின் கதையாக அதை முடித்துவிடுகிறார்கள். அந்த மனிதர் லாரியில் கண்டது சாம்பியனை அல்ல. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொறுமையாக நடக்கக்கூடிய ஒரு சாதுவான குதிரையைத்தான். தனக்குத் தாண்டத் தெரியும் என்பதைப் பிறகு அந்தக் குதிரையே அவருக்குக் காட்டியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் குதிரையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஸ்னோமேன் எந்த இனத்துக் குதிரை?

இனம் இன்னதென்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை. தந்தை யார், தாய் யார், எந்தப் பண்ணையில் பிறந்தது என்பது எதிலும் எழுதி வைக்கப்படவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் ஆமிஷ் சமூகத்தினரின் வயல்களில் ஏர் இழுத்த குதிரை என்று கருதப்படுகிறது. ஆமிஷ் விவசாயிகள் சமய நெறியின் காரணமாக வயலில் டிராக்டர் ஓட்டுவதில்லை. இன்றும் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பூட்டித்தான் உழுகிறார்கள். ஸ்னோமேனின் மார்பில் ஏர்ப்பூட்டு உராய்ந்து உராய்ந்து ரோமம் தேய்ந்த தடம் இருந்தது. அதன் முன்கதைக்கு நமக்குக் கிடைக்கும் சான்று அந்தத் தடம் ஒன்றுதான்.

பார்வைக்கு வெள்ளையாக இருந்தாலும் குதிரை வளர்ப்போர் கணக்கில் அது சாம்பல் நிறக் குதிரை. இந்த வகைக் குதிரைகள் பிறக்கும்போது கருமையாகவோ செம்பழுப்பாகவோ இருந்து, வயது ஏற ஏற வெளுக்கும். சிலவற்றின் உடலில் வெளுத்த பிறகும் சிறு புள்ளிகள் தூவியதுபோல இருக்கும். ஸ்னோமேனுக்கும் அப்படி இருந்தன. வாங்கும்போது அதற்கு வயது எட்டு இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். குதிரையின் கீழ்த்தாடை முன்பற்களில் உள்ள குழிகள் ஏறக்குறைய எட்டு வயதில் தேய்ந்து மறைந்துவிடும். அதற்குப் பிறகு பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வது தோராயக் கணக்குதான். பதிவில்லாத குதிரை என்பதால் அதன் வயதை எங்கே படித்தாலும் 'சுமார்' என்ற சொல்லைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதை வாங்கியவர் யார்?

ஹாரி டி லேயர். நெதர்லாந்தில் சின்ட் ஓடன்ரோட என்ற ஊரில் 1927-இல் பிறந்தவர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதிலிருந்தே குதிரையேற்றத்தில் தேர்ந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது அவருடைய குடும்பம் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்துக்கு உதவியது. போர் முடிந்தபின் 1950-இல் மனைவியுடன் கையில் 160 டாலரோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, முதலில் வட கரோலினாவில் புகையிலைப் பண்ணையில் வேலை செய்தார். பிறகு குதிரை வேலைக்கே திரும்பி, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் செயின்ட் ஜேம்ஸ் என்ற ஊரிலிருந்த நாக்ஸ் பள்ளி என்னும் பெண்கள் விடுதிப் பள்ளியில் குதிரையேற்ற ஆசிரியரானார்.

சந்தைக்கு அவர் போனதே அந்தப் பள்ளி வேலைக்காகத்தான். ஏறிப் பழகும் பிள்ளைகளுக்கு விலை உயர்ந்த குதிரையோ வேகமான குதிரையோ தேவையில்லை. கடிவாளத்தைத் தப்பாக இழுத்தாலும், சேணத்தில் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் குதிரைதான் தேவை.

80 டாலர் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு மலிவு? அந்த விலை எப்படி அமைந்தது?

இன்றைய மதிப்பில் அது சுமார் 900 டாலர் ஆகும். நாம் எதையாவது மிகக் குறைந்த விலைக்கு வாங்கினால் 'அடிமாட்டு விலைக்கு வந்தது' என்று சொல்வோம். ஸ்னோமேன் விஷயத்தில் அந்தத் தொடர் சொல்லுக்குச் சொல் உண்மை. இறைச்சிக்காக வாங்குபவர் ஒரு குதிரைக்கு என்ன கொடுப்பாரோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துத்தான் டி லேயர் அதை மீட்டார். 80 டாலரில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும் கூலியும் அடக்கம்.

குதிரை அவ்வளவு மலிந்து போனதற்குக் காரணம் டிராக்டர். 1915 வாக்கில் அமெரிக்காவில் 2 கோடிக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தன. 1960 வாக்கில் அந்த எண்ணிக்கை சுமார் 30 லட்சமாகச் சுருங்கியிருந்தது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் வண்டியும் ஏரும் இழுத்த கோடிக்கணக்கான குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலையில்லாத குதிரைக்கும் தீனி போட்டாக வேண்டும். ஆகவே அவை ஏலத்துக்கு வந்தன; ஏலத்தில் விலைபோகாதவை நாய்த் தீனிக்கும் பசை காய்ச்சுவதற்கும் எடையளவில் போயின. அந்த நாளில் ஒரு குதிரைக்குக் குறித்த விலை அதன் எலும்பையும் சதையையும் கணக்கிட்ட விலை. அந்தக் குதிரையால் என்ன செய்ய முடியும் என்று அந்தக் கணக்கில் யாரும் கேட்கவில்லை. 'மலிவான குதிரை' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் இதையே நினைத்துக்கொள்கிறேன்.

ஏலம் நடந்த அன்று என்ன நடந்தது?

1956 பிப்ரவரி மாதம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் உள்ள நியூ ஹாலண்ட் என்ற ஊரில் குதிரை ஏலம் நடந்தது. கடும் குளிர்காலப் பயணத்தில் வழியில் தாமதமாகி டி லேயர் வந்து சேர்ந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. நல்ல குதிரைகள் அனைத்தும் கைமாறிவிட்டன. யாரும் கேட்காத குதிரைகளை இறைச்சிக்கூடத்து லாரியில் ஏற்றி முடித்திருந்தார்கள்.

லாரியின் பலகை இடுக்குகள் வழியே அவர் பார்த்தார். நெருக்கியடித்து நின்ற குதிரைகளுக்கு நடுவே ஒரு வெளிர்நிறக் குதிரை கலவரப்படாமல் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது. அதை இறக்கிக் காட்டச் சொன்னார். உடலெங்கும் சாணமும் அழுக்கும் அப்பியிருந்தன, காலில் காயங்கள், ஒரு குளம்பில் லாடம் இல்லை, பல நாளாகக் கவனிப்பில்லாமல் இருந்தது பார்த்தவுடன் தெரிந்தது. ஆனால் அகன்ற மார்பும் அமைதியான கண்ணும் அவருக்குப் பிடித்துப்போயின. பேரம் முடிந்தது.

குதிரை வீடு வந்து சேர்ந்தபோது முதுகில் பனி படிந்திருந்தது. பார்த்த பிள்ளைகளுக்குப் பனிமனித உருவம் நினைவுக்கு வரவே, ஸ்னோமேன் என்று பெயர் வைத்தார்கள். ஏலத்தில் அதற்குப் பெயர் இருந்ததாகத் தெரியவில்லை. இறைச்சிக்குப் போகும் குதிரையின் பெயரை யாரும் கேட்பதில்லை.

அது தாண்டக்கூடிய குதிரை என்று டி லேயருக்கு அப்போதே தெரிந்திருந்ததா?

இல்லை, அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கதையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதனால் இதற்குச் சற்று நீளமாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

குதிரையைக் கழுவி, ரோமம் சீவி, லாடம் கட்டி, வயிறாரத் தீனி போட்டுத் தேற்றினார்கள். சில வாரங்களில் அது பள்ளிப் பிள்ளைகளின் செல்லக் குதிரை ஆகிவிட்டது. பயந்த சுபாவமுள்ள பிள்ளையை முதலில் எந்தக் குதிரையில் ஏற்றலாம் என்றால் ஸ்னோமேனில்தான் ஏற்றுவார்கள். அவர் வாங்கிய நோக்கம் அத்தோடு நிறைவேறிவிட்டது. பிறகு, அக்கம்பக்கத்தில் வசித்த மருத்துவர் ஒருவர் தமக்கு ஒரு சாதுவான குதிரை வேண்டுமென்று கேட்டபோது, டி லேயர் ஸ்னோமேனை 160 டாலருக்கு விற்றுவிட்டார். சில மாதங்களில் இரட்டிப்பு விலை. வளரும் குடும்பத்தையும் ஆசிரியர் சம்பளத்தையும் வைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பணம் பெரிது. அவர் விற்றதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாளில் தம்மிடம் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

குதிரை புது இடத்தில் நிற்கவில்லை. வேலியைத் தாண்டி, அடுத்தவர் வயல்களையும் தோட்டங்களையும் கடந்து, டி லேயரின் லாயத்துக்கே வந்து நின்றது. கொண்டுபோய் விட்டார்கள்; மீண்டும் வந்தது. வேலியை உயர்த்தினார்கள்; உயர்த்திய வேலியையும் தாண்டி வந்தது. ஓடாமல் இருக்கட்டும் என்று கயிற்றில் ஒரு கனத்த டயரைக் கட்டிவிட்டபோது, அந்த டயரையும் இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். முதுகில் ஆள் இல்லை, முடுக்கிவிட யாரும் இல்லை, எதிரே போட்டிக் களமும் இல்லை. போக வேண்டிய வீடு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக அது தாண்டியது.

டி லேயர் அப்போதுதான் விழித்துக்கொண்டார். அந்த வேலிகளின் உயரம் என்ன என்பதைக் குதிரை தெரிந்த மனிதராக அவர் கணக்கிட்டுப் பார்த்திருப்பார் அல்லவா? குதிரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அதை அவர் விற்கவே இல்லை.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். இந்தப் பயிர் முளையில் தெரியவில்லை. எட்டு வயதிலும், ஏலக்களத்திலும், கைதேர்ந்த குதிரைக்காரர் ஒருவரின் லாயத்தில் மாதக்கணக்கில் நின்றபோதும்கூடத் தெரியவில்லை.

ஏர் இழுத்த குதிரையால் அவ்வளவு உயரம் எப்படித் தாண்ட முடிந்தது?

குதிரை தாண்டுவது முன்னங்காலின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உந்துவது பின்னங்கால்கள்தான். தடைக்கு முன் குதிரை பின்பகுதியைத் தன் உடலுக்குக் கீழே கொண்டுவந்து, அமுக்கிய சுருள்வில்லைப்போல விரிந்து மேலே எழும்புகிறது. முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு, கழுத்தையும் முதுகையும் வளைத்துக் கழியின்மேல் உருண்டு செல்வதுபோல இறங்குகிறது. கனத்த மண்ணில் ஏர் இழுக்கும் குதிரைக்கும் இதே இடுப்பும் தொடையும்தான் உழைக்கின்றன. ஆகவே வலிமை ஸ்னோமேனிடம் ஏற்கெனவே இருந்தது. இழுவைக் குதிரைகளிடம் வழக்கமாக இல்லாத விரைவும் நிதானமும் அதனிடம் சேர்ந்திருந்தன என்பதுதான் அபூர்வம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உழவுக் குதிரையின் இரத்தத்தில் தாண்டும் திறமை வருவது இயற்கைக்கு மாறான ஒன்றல்ல. அயர்லாந்தில் ஏரும் வண்டியும் இழுத்த ஐரிஷ் டிராஃப்ட் குதிரைகளைத் தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகளோடு கலந்துதான் புகழ்பெற்ற ஐரிஷ் தாண்டும் குதிரைகளை உருவாக்கினார்கள். இன்று ஒலிம்பிக் களங்களில் ஓடும் ஹனோவேரியன், ஹோல்ஸ்டைனர் போன்ற ஜெர்மானியக் குதிரைகளின் முன்னோர்களில் பலவும் பண்ணையிலும் வண்டியிலும் உழைத்தவைதான். ஆனால் 1950-களின் அமெரிக்காவில், தாண்டும் போட்டி என்றால் தரோபிரெட் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்ற மூன்று ஆண்குதிரைகள் வரை தந்தைவழியைப் பின்னோக்கிச் சொல்லக்கூடிய இனம் அது. அதன் வம்சாவளிப் பதிவேடு 1791 முதல் அச்சில் இருக்கிறது. அப்படிப்பட்ட குதிரைகளின் வரிசையில், தகப்பன் பெயர் தெரியாத குதிரை ஒன்று வந்து நின்றது.

பயிற்சி எளிதாக இருந்ததா?

இல்லை. தொடக்கத்தில் தரையில் கிடத்திய கழிகளிலேயே அதற்குக் கால் இடறியது. சவாரிக்காரரைச் சுமந்துகொண்டு, நடையை அளந்து, சரியான இடத்தில் எழும்புவது என்பது வேலியைத் தானாகத் தாண்டுவதைவிட வேறான கலை. தடை உயர உயரத்தான் குதிரை கவனம் கொண்டு தாண்டத் தொடங்கியது.

டி லேயர் அதை அடக்கி ஓட்டவில்லை. ஸ்னோமேன் தடையின்மேல் பறக்கும் பழைய படங்களைப் பார்த்தால், கடிவாள வார் தொய்ந்து தொங்குவது தெரியும். மற்ற குதிரைகளின் வாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு சவாரிக்காரர்கள் போராடிய காலத்தில், இவர் வாரைத் தளரவிட்டு முடிவைக் குதிரையிடம் விட்டுவிட்டார். லாரியில் அவர் கண்ட அந்த அமைதிதான் இதை இயலச் செய்தது. விளக்கும் இரைச்சலும் கூட்டமும் நிறைந்த அரங்கில் அது பதறவில்லை. அதை வாங்கியதற்குக் காரணமாக இருந்த குணமும், அது வென்றதற்குக் காரணமாக இருந்த குணமும் ஒன்றே.

எந்தெந்தப் போட்டிகளில் வென்றது?

முதலில் போட்டியின் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். களத்தில் அமைத்த தடைகளை வரிசை மாறாமல் தாண்ட வேண்டும். ஒரு கழியைத் தட்டி விழச்செய்தால் 4 பிழைப்புள்ளிகள். தாண்ட மறுத்து நின்றாலும் பிழை. அந்தக் காலத்து அமெரிக்கப் போட்டிகளில் சில பிரிவுகளில் கழி விழாவிட்டாலும் குளம்பு அதில் உரசினாலே பிழையாகக் கணக்கிட்டார்கள். பிழையின்றி முடித்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டோர் இருந்தால், தடைகளை உயர்த்தி மீண்டும் ஓடவிடுவார்கள்.

லாங் ஐலண்டைச் சுற்றி நடந்த போட்டிகளில் தொடங்கி ஸ்னோமேன் மேலே வந்தது. 1958 நவம்பரில் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த தேசியக் குதிரைக் கண்காட்சியில், எந்தக் குதிரையும் கலந்துகொள்ளக்கூடிய திறந்த தாண்டும் பிரிவின் சாம்பியன் ஆனது. 1883-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சி அமெரிக்கச் செல்வந்தர்களின் சமூக விழாவாகவே இருந்து வந்தது. மாலை உடையில் பார்வையாளர்கள், பெரும் பணக்காரர்களின் குதிரைகள், கூலிக்கு அமர்த்திய சவாரிக்காரர்கள் என்று நிறைந்த அரங்கில், குதிரையின் உரிமையாளரும் பயிற்சியாளரும் சவாரிக்காரரும் பள்ளி ஆசிரியரான ஒருவரே. அதே ஆண்டில் 'ஆண்டின் சிறந்த குதிரை' என்ற பட்டமும் ஸ்னோமேனுக்குக் கிடைத்தது. 1959-இல் திறந்த தாண்டும் பிரிவின் சாம்பியன் பட்டத்தை மீண்டும் வென்றது.

பட்டங்களைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. பெரியவர்களுக்கான பிரிவில் உயர்ந்த தடைகளைத் தாண்டிய குதிரை, கையில் பிடித்து நடத்திச்செல்லும் சிறு பிள்ளைகளுக்கான பிரிவிலும் பிள்ளையைச் சுமந்துகொண்டு அடி அடியாக நடந்தது. டி லேயரின் பிள்ளைகள் அதைக் கடலுக்கு அழைத்துச்சென்று, நீந்தும் குதிரையின் முதுகில் வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கும் படங்கள் உண்டு. சாம்பியன் ஆன பிறகும் அது வீட்டுக் குதிரையாகவே இருந்தது.

ஒலிம்பிக்கில் பங்கேற்றதா?

இல்லை. அக்காலத்தில் ஒலிம்பிக் தொழில்முறை அல்லாதவர்களுக்கு மட்டுமே உரியது. குதிரையேற்றம் கற்பித்துச் சம்பளம் வாங்கிய டி லேயர் அந்த விதிப்படி தொழில்முறைச் சவாரிக்காரர். அவர் லாயத்தில் பயிற்சி பெற்ற சின்ஜன் என்ற தரோபிரெட் குதிரை மட்டும் வேறொரு சவாரிக்காரருடன் 1960 ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்று, வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்க அணியில் இடம்பெற்றது.

பெரிய விலைக்குக் கேட்டார்களா?

கேட்டார்கள். ஒரு லட்சம் டாலர் வரை தர முன்வந்தும் டி லேயர் மறுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஒருமுறை 160 டாலருக்கு விற்றபோது அந்தக் குதிரை தன் விருப்பத்தை வேலி தாண்டிவந்து தெரிவித்துவிட்டது. இரண்டாம் முறை அவர் அதை மீறவில்லை.

சீபிஸ்கட் போன்ற பந்தயக் குதிரைகளின் கதையும் இதுதானே?

அப்படித்தான் பலர் சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீபிஸ்கட் 1936-இல் சுமார் 8,000 டாலருக்குக் கைமாறி, 1938 நவம்பர் 1-ஆம் நாள் பிம்லிக்கோ மைதானத்தில் வார் அட்மிரலை வென்ற குதிரை. பெரும் சாதனைதான். ஆனால் அதன் பாட்டன் அமெரிக்கப் பந்தய வரலாற்றிலேயே மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான மேன் ஓ வார். வார் அட்மிரலோ அதே மேன் ஓ வாரின் மகன். பெரிய வீட்டில் பிறந்து புறக்கணிக்கப்பட்ட பிள்ளையின் கதை வேறு. வீடே தெரியாத பிள்ளையின் கதை வேறு.

ஸ்னோமேனுக்குச் சற்று நெருங்கி நிற்பவை வேறு சில. கலிபோர்னியா குரோம் என்ற குதிரையின் தாயை அதன் உரிமையாளர்கள் 8,000 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். மகன் 2014-இல் கென்டக்கி டெர்பியையும் பிரீக்னஸ் ஸ்டேக்ஸையும், 2016-இல் துபாய் உலகக் கோப்பையையும் வென்றது. இங்கிலாந்தின் ஸ்ட்ரோலர் அளவில் மட்டக்குதிரைதான். ஆயினும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தடை தாண்டலில் தனிநபர் வெள்ளிப் பதக்கத்தைத் தன் சவாரிக்காரரான மரியன் கோக்ஸுக்குப் பெற்றுத்தந்தது.

இவற்றுள் என் மனத்தில் ஸ்னோமேனுக்குப் பக்கத்தில் இடம் பெறுவது, எந்தக் கோப்பையும் வெல்லாத ரெக்லெஸ் என்ற சிறிய பெண்குதிரை. கொரியப் போரின்போது 1952 அக்டோபரில் சியோல் நகரில் அமெரிக்க மரைன் படையினர் அதை 250 டாலருக்கு வாங்கினார்கள். 75 மில்லிமீட்டர் பீரங்கித் துப்பாக்கிக்குக் குண்டு சுமப்பது அதன் வேலை. 1953 மார்ச்சில் வேகாஸ் என்று பெயரிட்ட காவல்முனையில் நடந்த சண்டையின்போது ஒரே நாளில் 51 முறை குண்டுகளைச் சுமந்துகொண்டு மேடேறியது. பெரும்பாலான நடைகளில் உடன் ஆள் இல்லை. இருமுறை காயப்பட்டது. பின்னர் அதற்கு முறைப்படி சார்ஜன்ட் பதவி அளித்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார்கள். வழி தெரிந்துகொண்ட பிறகு யாரும் ஓட்டாமலே போய்வந்த அந்தக் குதிரையையும், யாரும் ஓட்டாமலே வேலி தாண்டி வந்த இந்தக் குதிரையையும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

இந்தக் கதையை நம்பி ஒருவர் ஏலத்தில் மலிவுக் குதிரை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் சாம்பியனை எதிர்பார்த்து வாங்கக் கூடாது. டி லேயரே அப்படி வாங்கவில்லை. அவரிடம் இருந்த கைப்பழக்கம் முதல்முறை வாங்குபவரிடம் இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. காயத்தைப் பார்த்தவுடன் அது ஆறுமா ஆறாதா என்று அவரால் சொல்ல முடிந்தது.

குதிரைக்குக் கொடுக்கும் விலை செலவின் தொடக்கம் மட்டுமே. 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ வரை உலர்தீவனம் தின்னும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு செதுக்கி லாடம் மாற்ற வேண்டும். பல்லின் கூர்முனைகளை அவ்வப்போது அராவிவிடாவிட்டால் தீனியை மெல்ல முடியாமல் மெலியும். ஏலத்துக்கு வரும் குதிரைக்கு வலி தெரியாமல் மருந்து ஏற்றி நொண்டலை மறைத்திருக்கக்கூடும் என்பதால், கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்க்காமல் முடிவெடுப்பது தவறு. தொண்டைப் பகுதியில் சீழ்க்கட்டி வைக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோய் ஏலக்களங்களில் எளிதில் பரவும். புதிதாக வந்த குதிரையை மூன்று வாரமாவது மற்றக் குதிரைகளிடமிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். மெலிந்து வந்த குதிரைக்கு இரக்கத்தால் முதல் நாளே தானியத்தை அள்ளிப் போடுவதும் ஆபத்து. நல்ல உலர்ந்த புல்லைச் சிறுகச் சிறுகக் கொடுத்துத்தான் தேற்ற வேண்டும்.

அமெரிக்காவில் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. ஆனாலும் விலைபோகாத குதிரைகளைக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் லாரிகளில் அனுப்புவது அதன் பிறகும் தொடர்ந்தது. அந்த லாரிகளிலிருந்து குதிரைகளை மீட்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். மீட்கப்படும் குதிரைகளில் பெரும்பாலானவை எந்தத் தடையையும் தாண்டப் போவதில்லை. அவற்றை மீட்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கவும் வேண்டியதில்லை.

அதன் கடைசிக் காலம் எப்படி இருந்தது?

போட்டிகளிலிருந்து விலகிய பின்னும் டி லேயரின் பண்ணையிலேயே இருந்தது. சிறுநீரகம் செயலிழந்து துன்பப்பட்டதால் 1974-இல் அதற்கு வலியில்லாத முடிவு அளிக்கப்பட்டது. அப்போது அதற்குச் சுமார் 26 வயது. கடுமையாக உழைத்த குதிரைக்கு அது நீண்ட ஆயுள்தான். 1992-இல் அமெரிக்கத் தடை தாண்டல் புகழ் மண்டபத்தில் அதன் பெயர் சேர்க்கப்பட்டது. டி லேயர் 2021-இல் தமது 93-ஆம் வயதில் காலமானார்.

ஸ்னோமேனின் வம்சத்தில் வந்த குதிரைகள் இன்று உண்டா?

இல்லை. அது காயடிக்கப்பட்ட ஆண்குதிரை. வண்டியும் ஏரும் இழுக்கும் குதிரைகளைச் சாதுவாக வைத்திருப்பதற்காக இளம் வயதிலேயே அப்படிச் செய்வது பண்ணை வழக்கம். பந்தய உலகில் வென்ற குதிரையின் பெரும் பணம் ஓட்டத்தில் வருவதைவிட, பிறகு இனப்பெருக்கத்துக்கு விடுவதில்தான் வரும். ஸ்னோமேனிடம் அந்த வருவாய்க்கும் வழியில்லை. அதற்கு முன்னால் எந்தக் குதிரை இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பின்னால் எந்தக் குதிரையும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆண்டுகளும், அரங்கத்தில் ஓடிய ஆண்டுகளும், பண்ணையில் ஓய்ந்திருந்த ஆண்டுகளும் சேர்ந்த 18 ஆண்டுகள் அந்த ஒரு குடும்பத்தோடு கழிந்தன.